நிறுத்த வழியில்லாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு கடையில் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, கெடுத்து, அழித்து, மறுபடி போட்டுத்தான், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பழகினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கோவையில் அதைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, நான் அந்த இலுப்பைப்பூ. திமிர் மட்டும் கரும்பு அளவுக்கு இருந்தது.

ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. விண்டோஸ் ஓட அதற்குத் தெம்பில்லை. நான் லினக்ஸ் போட்டு, ஒரு வரனுக்கு ஒரு ஃபைல் என்று பெயர், கூட்டம், நட்சத்திரம் எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். நம் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்கமாட்டார்கள். இன்ன கூட்டம் தவிர மற்றதைக் காட்டு என்று நான் தேடிக் காட்டியதும் முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அடிக்கிற வேலைக்கு மதுக்கரையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தது. ஊரார் ஜாதகத்தை எல்லாம் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தன் ஜாதகத்தை வெளியே எடுக்க இஷ்டமில்லை.

"வேலைக்குப் போயிட்டிருக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கறதில்லைன்னு எங்கப்பா வாக்குக் குடுத்திருக்காருங்ணா. எம்.காம் தபால்ல படிச்சுட்டிருக்கறனுங்க. இன்னொரு ஒண்ணரை வருசம் தாட்டிட்டாப் போதும்."

ஆக, அந்த வேலைதான் அந்தப் பெண்ணுக்கு வேலி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

லினக்ஸை டிவி மாதிரி பட்டென்று அணைக்கக் கூடாது. நிறுத்து என்று கட்டளை கொடுத்து, அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் அணைக்க வேண்டும். அந்தக் கட்டளையைக் கொடுக்க ரூட் என்கிற தலைமை அதிகாரம் வேண்டும். ரூட்டின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருந்தது. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் யாரும் ஒழுங்காக மூடிவிடலாம் என்று ஒரு வசதி உண்டு. கை தவறி யாராவது அமுக்கிவிடுவார்கள் என்று அதையும் நானே எடுத்துவிட்டிருந்தேன்.

முதலாளியோ தோட்டத்து மோட்டார் ரூமில் வளர்ந்தவர். கடையை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் சாவியைக் கையில் எடுக்கமாட்டார்.

"ஏனுங்ணா, நிறுத்தறதுக்கு அடிச்சா உனக்கு அதிகாரமில்லைங்குதுங்க."

"உடு அம்மணி, ஓடிட்டே இருக்கட்டும்."

"நான் உடறனுங்க, மொதலாளி உடணுமல்ல? ஆறு மணியானா மெயினப் புடிச்சு இழுத்துப்போடறாரு. காலைல போட்டா பத்து நிமிசம் என்னமோ சோதிச்சுட்டே நிக்குதுங்க. நேத்து பதினஞ்சு நிமிசம். அந்தப் பாஸ்வேர்டச் சொல்லுங்க, நானே ஒழுங்கா நிறுத்திப்போடறேன்."

"ரூட் பாஸ்வேர்டெல்லாம் எல்லாருக்கும் குடுக்கறதில்லை அம்மணி."

"சாவிய இடுப்புலயே முடிஞ்சுட்டுச் சுத்துங்க. ஊடு பத்தி எரிஞ்சா யாருங்ணா தொறக்கறது?"

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட பேச்சென்றால் நான் உயிரை விடுவேன். கடைக்குத் திரும்பி நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். ரசித்தேனே ஒழிய, பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கம்ப்யூட்டர் பாதியில் நின்று, ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது. காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி மகனுக்குப் பெண் பார்க்க வந்த குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் என் கடைக்குப் போன் செய்தது. நான் வெளியூர் போயிருந்தேன். மறுநாள்தான் போக முடிந்தது. அதற்குள் காங்கேயத்துக்காரர்கள் எதிர்ச் சாரியில் இருந்த இன்னொரு நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

டிஸ்க்கைச் சரிபார்க்கிற புரோகிராமை ஓடவிட்டேன். இதைத் திருத்தட்டுமா, அதைத் திருத்தட்டுமா என்று அது கேட்கக் கேட்க, என்னவென்று புரியாமலே ஆமாம் ஆமாம் என்று தட்டினேன். முடிவில் பாதிக்கு மேற்பட்ட வரன்களின் ஃபைல்கள் பெயரை இழந்து, வெறும் நம்பர்களாக டிஸ்க்கின் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றார். "ஏந்தம்பி, எதனால இப்படி ஆச்சு?"

அந்தப் பெண்ணும் பக்கத்தில்தான் நின்றது.

"ஒழுங்கா நிறுத்தாம அணைச்சிருக்காங்க, அதனாலதானுங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன மோசமான பொய் அதுதான்.

"ஏம்மணி, மிசினுக்கு முன்னால உக்காந்திருக்கறது நீதான? நிறுத்தக்கூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?"

மெயினை இழுத்தவர் கேட்கிறார். பாஸ்வேர்டை முடிந்து வைத்தவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தது. அப்புறம் முதலாளியிடம் திரும்பியது.

"பேருதானுங்க போச்சு, உள்ள எழுத்து அப்படியே இருக்குதுங்க. ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்து நான் பேர் வெச்சுத் தாறனுங்க. ரெண்டு நாள் குடுங்க."

எனக்குத் தோன்றாத வழி அது.

"வெச்சுக் குடு. அதோட போதும் அம்மணி, நாம வேற ஆளப் பாத்துக்கறோம்."

இரண்டு நாளும் வந்து, எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டுத்தான் போனது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். உப்பைத் தின்றவன் நான். எனக்கு ஒரு மிடறு தாகமும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பிரிண்ட் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள். லினக்ஸில் இது வழக்கமான கோளாறு. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்தே தொடங்கி, படி இறங்குகிற மாதிரி வலது பக்கமாகவே போகும். டிஸ்க்கைச் சரி செய்ததில் பிரிண்டர் அமைப்பும் போயிருந்தது; அதுவரை கையால் எழுதிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெளியே காத்திருக்க, புதிதாக வந்த பெண் கோணலாக வந்த தாளை என்னிடம் நீட்டினாள்.

மதுக்கரை. பி.காம். எம்.காம் பாதியில். வேலை: இல்லை.

முதலாளியைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது, அந்தப் பெண் மேல் தப்பே இல்லை என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"உங்குளுக்கு நல்ல மனசுங்க தம்பி. விடுங்க, மிசினுன்னா நாலும் இருக்கும். அவுங்கப்பாவே வந்து ஜாதகத்தக் குடுத்துட்டுப் போனாரு. நல்ல எடம், பையன் சொந்தமா தறி போட்டிருக்கறான். வேலைல இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்குமா அந்தப் புள்ள? எல்லாம் நல்லதுக்குத்தான். பிரிண்ட மட்டும் சீக்கிரம் குடுங்க, அவுங்க கெளம்பணும்."

பத்து நிமிஷ வேலை. அமைப்பை மாற்றி மறுபடி அச்சடித்தேன். வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக வந்தன. தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்து, இரண்டு ஓரத்திலும் துளைகளோடு வரும் பட்டையைக்கூடச் சுத்தமாக எடுத்து, நானே வெளியே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்தேன்.