கையைப் பார்த்துப் படித்தவள்

"எம் மக அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிச்சான்னு சொல்றீகளே மதினி, நீங்க அங்கன நின்னு பாத்தீகளா?"

அய்யம்மாள் குடத்தைக் குழாயடியில் இறக்கிவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். வரிசையில் நின்ற பெண்கள் தண்ணீரை மறந்தார்கள். எதிர்வீட்டுப் பத்திரகாளி சளைக்கவில்லை.

"நான் எதுக்குப் பாக்கணும்? கம்பெனிக்குப் போற பொம்பளைக பூராவும் சொல்லுதாக. அந்தச் சீனாக்காரன் நாளைக்கு நூறு தடவ 'ஃபாங்கு ஃபாங்கு'ங்கானாம். ஒம் மக அதுக்குத் தலையத் தலைய ஆட்டுதாளாம். செல்லப் பேரா இருக்கும்."

"செல்லப் பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வேலைச் சொல்லு."

"எந்த வேலைக்கு?"

"எல்லா வேலைக்குந்தான்."

வரிசை முழுவதும் சிரித்தது. உண்மையைச் சொன்னதற்கா இந்தச் சிரிப்பு என்று அய்யம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. ஏனென்றால் மகள் மாரிசெல்வி அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தாள்.

நடந்தது இதுதான். எம். புதுப்பட்டியில் முதலாளியம்மா ஞானசுந்தரியின் பட்டாசுக் கம்பெனிக்கு அந்தத் தை மாதம் சீனாவிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாயைத் தானே சுருட்டித் தள்ளும் மெஷின். அதை ஓட்டிக் காட்ட லியூ என்று ஒருவர் கூடவே வந்தார். வந்த வாரமே அவரை எல்லோரும் லியூ அண்ணாச்சி ஆக்கிவிட்டார்கள். பேச்சை மாற்றிச் சொல்லச் சென்னையிலிருந்து வந்த ஆள், வெடிமருந்து நெடி தாங்காமல் இரண்டாம் வாரம் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணாச்சி சீனத்தில் பேசினார், பெண்கள் தமிழில் சிரித்தார்கள், மெஷின் சும்மா நின்றது.

மாரிசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் நான்கு வருஷமாக வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் இருந்தவள். அந்த அறையில் வாயைத் திறக்கக் கூடாது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரின் கை என்ன செய்கிறதோ அதைப் பார்த்துத்தான் தன் கை நகர வேண்டும். ஒரு கை அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் நான்கு பேருக்கும் ஆபத்து. மெஷினுக்கு மாற்றி விட்ட பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. அண்ணாச்சியின் வாய் என்ன சொல்கிறது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, இவள் அவருடைய கையைப் பார்த்தாள்.

அவர் 'ஃபாங்' என்று சொல்லிக் காகித உருளையைக் கம்பியில் வைத்தார். சரி, வைக்கிறதுதான் ஃபாங் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அதையே சொல்லி லீவரிலிருந்து கையை எடுத்தார். டீயில் சீனி போட வந்தவளிடமும் அதைத்தான் சொன்னார், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே. சாயங்காலம் பொட்டலில் சாம்பிள் வாணம் விட்டபோதும் அதே சொல். அவளுக்கு ஒரு மாதம் குழப்பம்தான். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"சொல்ல மட்டும் கேட்டா ஒண்ணும் வெளங்காதும்மா. கை எதுல இருக்குன்னு பாக்கணும். பேப்பர்ல இருந்தா வைக்கிறது, லீவர்ல இருந்தா விடுறது, டீ கிளாஸ்ல இருந்தா சீனி போடுறது. ஆனா எல்லாத்துலயும் ஒண்ணு பொதுவா இருக்கு. கைல இருந்தது கையவிட்டுப் போகுது."

"ஒத்தச் சொல்ல வச்சே ஒரு குடும்பத்த நடத்திப்பிடுவாக போலயே."

"இன்னொண்ணு கேளு. மெஷின் மடார்னு நின்னுபோச்சு, நாங்க வெடிச்சிரும்னு வெளிய ஓடிட்டோம். அண்ணாச்சி நெஞ்சுல கைய வச்சு 'ஃபாங்சின்'னாரு. சொல்லிட்டு அங்கனயே உக்காந்து டீயக் குடிச்சாரு. பயத்த எறக்கி வைங்கன்னு அர்த்தம்."

ஒரு சொல் திறந்துகொண்டதும் அதன் பின்னாலேயே மற்றச் சொற்களும் வந்தன. ஐப்பசிக்குள் அண்ணாச்சி சொல்வதை அவள் ஷெட் முழுக்கச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். சீசன் முடிந்து அண்ணாச்சி ஊர் திரும்பியதும், இன்னும் இரண்டு மெஷின் பார்க்க முதலாளியம்மாவே சீனா போவதாக முடிவு செய்தார். பதினைந்து நாள். கூட வர மாரிசெல்விதான் வேண்டும் என்றார். பாஸ்போர்ட்டும் வந்தது.

அந்த நேரத்தில்தான் குழாயடிப் பேச்சு டீக்கடை வழியாக அய்யம்மாளின் புருஷன் இருளாண்டியின் காதுக்குப் போனது.

"அந்தப் பாஸ்போர்ட்டப் பொட்டில வச்சுப் பூட்டு" என்றார் மனைவியிடம். "எம் மக பேரு நாற வேண்டாம்."

அய்யம்மாள் மூன்று நாள் மல்லுக்கட்டினாள். அவர் அசையவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் சென்னை ஆளையே கூட்டிப் போவதாக முதலாளியம்மா சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை உறைமோர் கேட்டுப் பத்திரகாளி வந்தாள். மோருக்காக மட்டுமா வந்தாள்? இருளாண்டி கட்டிலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி மாரிசெல்வி, அந்த ஆளு எப்படி இருப்பான்? மீசை கீசை உண்டா?"

மாரிசெல்வி அரிசி புடைப்பதை நிறுத்தி யோசித்தாள்.

"எடது கை நடுவிரல்ல நகம் பாதிதான் இருக்கும் அத்தை. வலது மணிக்கட்டுல ஒரு தீத்தழும்பு. நட்டு முடுக்கும்போது சுண்டுவிரல மடக்கிக்கிடுவாரு."

"மூஞ்சியச் சொல்லுட்டி."

"மூஞ்சியா?" முறம் மடியிலேயே இருந்தது. "கண்ணாடி போட்டிருப்பாரு. போட்டிருப்பாருன்னுதான் நினைக்கேன்."

"ஒம்போது மாசம் கூட இருந்துட்டுக் கண்ணாடி தெரியாதாம்" என்று பத்திரகாளி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இருளாண்டி சிரிக்கவில்லை. இருபது வருஷம் அதே மாதிரி அறையில் மருந்து செலுத்தி, பிறகு போர்மேனாகி, மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டு நின்றவர் அவர். கூட வேலை பார்த்த சோணைமுத்துவைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, யாரென்று தெரியாமல் விழித்தவர். டிக்கெட்டுக்கு அந்த மனிதர் நீட்டிய கையைப் பார்த்த பிறகுதான் "எலே சோணையா" என்று கட்டிப்பிடித்தார்.

"மதினி, மோர வாங்கிட்டுக் கெளம்புங்க" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஏளா, அந்தப் பொட்டியத் தொற."

புறப்படும் நாள் காலையில் முதலாளியம்மாவின் கார் தெருமுனையில் வந்து நின்றது. பத்திரகாளி தன் வாசலிலிருந்தே, "மடக்குக் குடை ஒண்ணு வாங்கிட்டு வாட்டி, பூப்போட்டதா" என்றாள். வாங்கி வருவாள் என்று அய்யம்மாள்தான் முறைப்பாகப் பதில் சொன்னாள்.

இருளாண்டி வாசலை மறித்து நின்றார்.

"கைய நீட்டு தாயி."

மாரிசெல்வி பையைக் கீழே வைத்து இரண்டு கைகளையும் நீட்டினாள். மருந்து அறைக்குள் நுழையுமுன் தினமும் நீட்டிய அதே நீட்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே நின்று, உரசினால் பொறி தட்டும் வளையல், மோதிரம், ஊக்கு இருக்கிறதா என்று பார்த்தவர் இவர்தான். இப்போதும் விரல் விரலாகப் பார்த்தார். காலையில் அய்யம்மாள் போட்டுவிட்ட தங்கமுலாம் வளையலில் அவர் கை நின்றது.

"இது கெடக்கட்டும்" என்றார். "அங்க மருந்து ரூம்புக்கா போற."

விலகி வழி விட்டார். மருந்து அறை வாசலில், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொடுகிற பழக்கத்தில் மாரிசெல்வியின் வலது கை நிலைக்கட்டையை ஒருமுறை தொட்டது. பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.