அடிக்கு ஒரு விரற்கடை

பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். பொம்மைக்கு ஏது கணக்கு? கொலுப்படியில் யானையும் பூசணிக்காயும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் செய்தவை லாரிகள். நிஜ லாரியில் ஒரு அடி என்றால் என் லாரியில் ஒரு விரற்கடை. முன்னால் திருஷ்டிக்குத் தொங்கவிடும் எலுமிச்சம்பழத்துக்காக, இருப்பதிலேயே சின்ன மிளகாகப் பொறுக்கி மஞ்சள் பெயிண்ட் தொட்டுக் கட்டியிருக்கிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பொம்மை என்றவர்களிடம் அதைக் கையில்கூடக் கொடுத்ததில்லை.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தோம். நான் பிறந்தது தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. ஆனால் என் வீட்டுக்காரருக்குத் தறி ஒத்துவரவில்லை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாராம். பதினெட்டு வயதில் லாரிக்கு ஓடியவர் டிரைவராகத்தான் வீடு திரும்பினார். அறுபதுகளின் கடைசியில் நான் மருமகளாக வந்தபோது தறியில் நான் உட்கார்ந்தேன், லாரியில் அவர் உட்கார்ந்தார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் நெய்ய இரண்டு பேர் வேண்டும். கரைக்கு நாடா போட, அதாவது ஊடை நூல் வைத்த மரக்கட்டையைக் குறுக்கே தள்ளிவிட, மாமியார் என் பக்கத்தில் உட்காருவார்.

கல்யாணமான புதிதில் அவர் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நாலு நாள், ஐந்து நாள் ஆகும். அந்த நாலு நாளும் அவர் எதற்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் தெரு ஒடுக்கம், லாரி உள்ளே வராது. கேட்டால் கையை விரித்துக் காட்டுவார், "இந்தா, இம்மாம் பெருசு இருக்கும்" என்பார். எனக்குப் போதவில்லை. உடைந்துபோன நாடா ஒன்றை அடிச்சட்டமாக வைத்து, தறிப்பெட்டியில் தேய்ந்து கழிந்த டிசைன் அட்டைகளை வெட்டி ஒட்டி, பழைய ரப்பர் செருப்பில் சக்கரம் அறுத்து ஒரு லாரி செய்தேன். அவர் வந்ததும் பெருமையாக முன்னால் வைத்தேன்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா தார்ப்பாய் கட்டற கொக்கி எங்க?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அடுத்த முறை அவர் வருவதற்குள் குண்டூசியை வளைத்துப் பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கொக்கி வைத்தேன். அவருடைய பழைய வேட்டித் துண்டைக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்கித் தார்ப்பாயும் கட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் இதே வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் ஊருக்குப் போய் அல்வா வாங்கி வருவார்கள், இவர் எனக்கு ஒரு விவரம் கொண்டுவருவார். பம்பரில் கண் வரைந்திருக்கிறார்கள் என்பார், சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் ரப்பர் தொங்கும் என்பார். நான் வைப்பேன். "புள்ளை பெத்துக்கற வயசுல லாரியா பெத்துக்கினு இருக்குறா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சொல்லிவிட்டு, பித்தான் டப்பாவிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஏற்ற இரண்டு வெள்ளைப் பித்தானையும் அவர்தான் பொறுக்கிக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வழியனுப்பினால் பின்னால் நின்று பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் போன காரியம் ஆகாது என்பார் மாமியார். வாசற்படியில் நின்று "போய்ட்டு வாங்க" என்றதும் நான் உள்ளே திரும்பிவிட வேண்டும். ஆனால் லாரி செய்யத் தொடங்கிய பிறகு, அவர் வரும் நாளில் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்பேன். மெயின் ரோட்டில் லாரி என்னைப் பார்த்து வருவதைக் காண எனக்கு அவ்வளவு ஆசை.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், முசரவாக்கம் பக்கம் நெல் மூட்டையோடு வரும்போது டயர் வெடித்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. அவருக்கு மட்டும் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, வீட்டுக்கு அழைத்து வந்தோம். லாரியை முதலாளி உடைக்கப் போட்டுவிட்டார். அந்தச் செய்தி தெரிந்த அன்றைக்குக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். கேட்டதற்கு "உம்" என்பார், இல்லையென்றால் அதுவும் இல்லை.

எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். "இனிமேல் அவர்தான் எழுந்து காலை ஊன்றணும். இப்படியே படுத்துக்கினு இருந்தா கால் சூம்பிப்போகும்மா, அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், வரதராஜப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். மாமியார் அழுதார். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஒன்றரை மாதம் இப்படிப் போனது. வீட்டில் இருந்தவர் அவரேதானா என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷரை நான் திரும்பப் பெறுவேனா என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது கவலை.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. உடைந்துபோன அந்த லாரியைச் செய்ய உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் கண்ணயரும் நேரத்தில் செய்வேன். நாற்பது நாள் ஆனது. அதுவரை நான் செய்த லாரிகளுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது, வெளிக்கூடு மட்டும்தான். இதற்குக் கதவு திறக்கும். உள்ளே சீட்டு, கியர், மூன்று பெடல், ஸ்டியரிங். பக்கத்தில் டீசல் டேங்க், ஸ்டெப்னி. அவர் முன்பெல்லாம் சொன்னதை மனதில் வைத்து, புடவை டிசைன் போடும் கட்டத்தாளில் எல்லாவற்றையும் கட்டம் எண்ணி வரைந்தேன். தாளை அடிப்பலகையில் ஒட்டி, குறி வைத்த இடங்களில் ஊசியால் துளை போட்டேன். துளை சொன்ன இடத்தில் சாமானை நட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் விளக்கு மாடம் ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் விளக்கை எடுத்துவிட்டு அங்கே லாரியை வைத்தேன். தறியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தரம் இழை அறுந்தது.

"இன்னாமா இது?"

மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் முழுப்பேச்சு. மாமியார் என் தொடையைக் கிள்ளினார்.

"லாரி" என்றேன்.

"அது தெரியுது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குது பாரு."

"இருக்க வேண்டிய பக்கம்தான் இருக்குது."

"இது இன்னா, வெளிநாட்டு லாரியா? இடப்பக்கம் உக்காந்துக்கினு நான் எப்பம்மா ஓட்டினேன்?"

நாற்பது நாள் உழைப்பு. ஆளைத் தேற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "நீங்க வர்றப்ப நான் எத்தினி தரம் பாத்திருக்கறேன்! என் இடது கைப்பக்கம்தான் உக்காந்திருப்பீங்க. எனக்கா தெரியாது?" என்று கத்தினேன்.

"அடப்பாவமே! டீசல் டேங்கையும் மாத்தி வெச்சிருக்கிற, ஸ்டெப்னியையும் மாத்தி வெச்சிருக்கிற."

"புள்ளையார் புடிக்கக் கொரங்காப் போச்சா?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் போவல. எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ஜாதி நான்.

"நெல் மண்டிக்கு எதிர்ல லாரி நிக்குதில்ல? வா, காட்டறேன்" என்று சொல்லி அவர் இரண்டு காலையும் கட்டிலிலிருந்து கீழே விட்டார்.

மாமியார் கையில் நாடா அப்படியே நின்றது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் பிடித்தால் படுத்துவிடுவார் என்று உள்ளே ஒன்று சொல்லியது. "வந்து மட்டும் இன்னாத்தக் காட்டப் போறீங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊன்றுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இறுக்கி வைத்திருந்த கோலைத் தறியிலிருந்து உருவினார்.

"ஐயையோ, பாவு தொய்யுதே!"

"தொய்யட்டும், வா!"

இரண்டு தெரு தூரம்தான். ஆறு இடத்தில் நின்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசல்தோறும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். லாரியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வழிநெடுக வாய் ஓயவில்லை எனக்கு. ஓய்ந்தால் அழுதுவிடுவேன்.

மண்டிக்கு எதிரே மூன்று லாரி நின்றது. ஒன்றின் பின்பக்கம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். லாரியின் பின்னால் நான் நின்றது அதுவே முதல் தடவை. "உன் லாரியையும் இதே மாதிரி புடி" என்றார். பிடித்தேன். நிஜ லாரியின் டீசல் டேங்கைக் கோலால் ஒரு தட்டுத் தட்டினார். அது வலது கைப்பக்கம் இருந்தது. என்னுடையது இடது கைப்பக்கம் இருந்தது. ஸ்டியரிங்கும் அப்படியே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும், நெய்கிற எங்களுக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கம்தான். பதினைந்து வருஷமாக நல்ல பக்கத்தைக் கீழே வைத்தே பழகிய கை. வரைந்த தாளையும் வரைந்த முகம் கீழே போகும்படி கவிழ்த்து ஒட்டிவிட்டது. முதுகில் தெரிந்த நிழலைப் பார்த்துத் துளை போட்டிருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள் இந்தத் தப்பை. தறிக்காரிதான் செய்வாள்.

அங்கே இருந்த டிரைவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "தோசையாட்டம் திருப்பிப் போட்டிருக்குதேப்பா!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. நடுத்தெருவில் பொங்கிப் பொங்கி அழுதேன்.

அவர் கோலைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? நான் எழுந்து வந்து சண்டை போடணும்னு வேணும்னே மாத்தி வெச்சிருக்கிறா இவ. மூணு மாசமா டாக்டரால ஆகாதது இவளால ஆயிருக்குது, பாருங்கடா!"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் டீ வாங்க ஓடினார், இன்னொருவர் அவரை உட்காரவைக்க ஸ்டூல் கொண்டுவந்தார். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார் தோசை சொன்னவர். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாளும் அவர் மண்டிக்கு நடந்தார், அதற்கு மறுநாளும் நடந்தார். கோல் இல்லாமல் தறி நிற்கிறதே என்று மாமியார் அவருக்குத் தனியாக ஒரு தடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் வேறொரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். போன இடமெல்லாம் என் சாமர்த்தியக் கதையைச் சொன்னார். கல்யாண வீடுகளில் பெண்கள் என்னைக் காட்டி, "இதான் அது, புருசனை எழுப்பிவிட்டது" என்பார்கள். செய்யாத சாமர்த்தியத்துக்குப் பேர் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பேன். அவரை ஏமாற்றுகிறேனே என்று முள்ளாகக் குத்தும். ஸ்டியரிங்கை மாற்றி வைக்கிறேன் என்றாலும் விட மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை. லோடு ஏற்றப் போகிற அவசரத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் மாடத்து லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனியும் மறைக்க முடியாது என்று தோன்றியது. "ஒண்ணு சொல்லணும். இத நான் வேணும்னு மாத்தி வெக்கல. தாளைக் கவுத்து ஒட்டிட்டேன். நெசமாவே தப்பு" என்றேன்.

பித்தானைப் போட்டபடியே சிரித்தார். "தெரியும்மா. அன்னிக்கே தெரியும். வேணும்னு செஞ்சவ அப்படியா அழுவா?"

"தெரிஞ்சேவா ஊரெல்லாம் சொன்னீங்க?"

"பின்ன, என் பொண்டாட்டியப் பாத்து அவனுங்க சிரிக்கறத நின்னுக்கினு பாக்கச் சொல்றியா? அதுவுமில்லாம, தாளு கவுந்துச்சோ இன்னாவோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ எந்நாளும் நான் வர்றத மட்டும்தானே பாத்திருக்கிற. எதிர்ல காத்துக்கினு நிக்கறவளுக்கு ஸ்டியரிங் இடது கைப்பக்கம்தான் தெரியும்."

இந்த மனுஷருக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அதையே நினைக்கிறேன்.

அன்றைக்கு அவர் "வரேம்மா" என்று இறங்கியதும் நான் உள்ளே திரும்பவில்லை. மாமியார் கூப்பிடக் கூப்பிடத் தெருமுனை வரைக்கும் போய், லாரி கண்ணுக்கு மறையும்வரை பின்னால் நின்று பார்த்தேன். அவர் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் பத்திரமாக வந்து சேர்ந்தார்.