பவுண்டரி லைனில் நின்றவன் கையில் மைக்

கிரிக்கெட் வர்ணனை என்பது, ஓட முடியாதவன் ஓடுகிறவனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற தொழில். ஓடியாடின வேலையை விட்டுவிட்டு நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும். போடியைச் சுற்றி எங்கே டோர்னமென்ட் நடந்தாலும் என்னைக் காசு கொடுத்துக் கூட்டிப்போய் பவுண்டரி லைனில் நிறுத்துவார்கள். பந்து உயரப் போனால், "அவன்ட்ட போகுது, விடு" என்று பவுலரே திரும்பி நடந்துவிடுவான். அப்படி ஒரு காலம்.

குரங்கணி கேட்ச்

குரங்கணி கிரவுண்டு ஒரு பக்கம் சரிவு. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் காப்பித் தோட்டம். பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன். பந்து கைக்குள் வந்த அதே நேரத்தில் வலது கால் ஒரு குழிக்குள் போனது. மூட்டு திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் கேப்டன் காஜா, போடியில் செருப்புக்கடை வைத்திருப்பவன், பதறியடித்து ஓடி வந்தான். என்னைத் தூக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் குனிந்து சொன்னான்: "மாப்ளே, பந்த மட்டும் விட்றாத, அம்பயரு பாக்குறாரு!"

முதல் மைக்

இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் யாராவது பந்து எறிந்தால் உடம்பு தானாகத் திரும்பும். என் நிலைமையைப் பார்த்த காஜா அடுத்த டோர்னமென்டில் மைக்கைக் கையில் கொடுத்தான்.

பேச்சு வந்தது, ஆனால் வர்ணனை வரவில்லை. "இவன் இழுத்து அடிப்பான், தம்பி ரெண்டு எட்டு பின்னால போ" என்று ஒலிபெருக்கியில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியும் போனான். பந்து நேராக அவன் கையில் விழுந்தது. அவுட்டானவன் பேட்டைத் தோளில் சாத்திக்கொண்டு என் மேஜைக்கே வந்தான். "அண்ணே, அவங்களுக்கு மட்டுந்தான் சொல்லுவீகளா? எங்களுக்கும் ரெண்டு வார்த்த சொல்றது!"

போடிமெட்டு மூடுபனி

எஸ்டேட் ஆட்கள் ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கிய நாள் அது. மட்டையில் பட்ட பந்து மேலே போகவும், பனி கீழே இறங்கவும் சரியாக இருந்தது. ஒரு நிமிடத்தில் கிரவுண்டே காணோம். மைக்கைப் பிடித்தவன் சும்மா இருந்தால் கூட்டம் சும்மா இருக்காதே! "பந்து பறக்குது, பள்ளத்துல போய் விழுகுது, சிக்ஸர்!" என்று அடித்துவிட்டேன். டான்ஸ் ஆரம்பித்துவிட்டது.

வெள்ளைக்குள்ளிருந்து ஓர் ஆள் பந்தோடு நடந்து வந்தான். "கேட்ச் பிடிச்சு எம்புட்டு நேரமாச்சுண்ணே, யாரும் வந்து பாக்க மாட்டேங்கிறீங்க!"

கடைசி ஓவர்

போன மாதம் போடியில் ஃபைனல். என் பழைய டீம். நான் நின்ற இடத்தில் சரவணன் என்கிற புதுப்பையன். கடைசி ஓவரில் பந்து அவன் பக்கமாக எழும்பியது. அவன் முன்னால் வருகிறான். பந்தோ பின்னால் போகிறது. அது எனக்குத் தெரிகிறது. வாயில் வார்த்தை வரவில்லை, கால்தான் வந்தது. மைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மூட்டு மடங்கி, மண்ணில் முகம் குப்புறக் கிடந்தேன். கூட்டம் "ஹோ"வென்று கத்தியது. பிடித்தானா, விட்டானா? தலையைத் தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது. விட்டுவிட்டான். தோற்றுப்போனோம். சரவணன் அங்கே மண்டியிட்டுக் கிடந்தான், நான் இங்கே.

என் மனைவி செல்வி பக்கத்துத் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். என் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். அது பாதியில் நின்றதும், மடியில் இருந்த காயை உதறிவிட்டு வெரசா வந்துவிட்டாள். என்னைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை, அவள் சொன்னதை ஊரே கேட்டது: "பேசாமப் பேசிக்கிட்டு இருக்க முடியாதா ஒங்களால?"

ஆக, உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்துவிட்டது, உட்காரத்தான் இன்னும் வரவில்லை.