வாப்பாவின் பயான் சீடி

மௌத்தாகி எங்களை விட்டுப்போன வாப்பாவின் சீடிகளை உம்மாவுக்காகச் சின்ன எம்பி3 பிளேயருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். 'மார்க்க பயான்' என்று வாப்பா தன் கையால் எழுதிவைத்திருந்த சீடியிலிருந்து மார்க்கச் சொற்பொழிவுக்குப் பதிலாகச் சினிமாக் காதல் பாட்டு வந்தது.

சின்ன வயதில் என் பாட்டு சீடியை "ஹராம்" என்று இரண்டாக முறித்தவர் அவர். தினமும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, காதில் சீடி பிளேயரின் இயர்போனை மாட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடப்பார்.

"வாப்பா பயான் கேக்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று உம்மா எங்களை முற்றத்துக்கு விரட்டுவா.

சாரத்துக்குக் கீழே அவர் கால் பெருவிரல் ஏன் ஓயாமல் ஆடியது என்று இப்போதுதான் விளங்கியது.

"உம்மா, இது பயான் இல்லையே!"

உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

"ஓம் மகள். மூணாவது பாட்டப் போடுங்க. எனக்கு அதுதான் விருப்பம்."