பத்து மடங்கு பூசணிக்காய்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருவொற்றியூரில் தகரக் கொட்டகையில் பட்டறை போட்டேன். துறைமுகத்துக்குக் கொக்கி அடித்தேன், மணலிக்கு வால்வு கடைந்தேன். எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில், படித்தவர்கள் கைவிரித்த சோதனை மெஷினையும் நானே செய்து கொடுத்தேன்! அதில் என் பெயர்த் தகடு இல்லையே என்று நான் எழுதும் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்...

பாய்லர் குழாய்க்கான இரும்பில் ஒரு கம்பி. அதை உலைக்குள் சிவக்க வைத்து, மாதக்கணக்கில் எடையைத் தொங்கவிட வேண்டும். முடியளவு முடியளவாக நீளும். எத்தனை நாள் தாங்கும்? அதுதான் சோதனை. எடைத்தட்டு ஒரு நீண்ட நெம்புகோலின் முனையில் இருக்கும். தட்டில் ஒரு கிலோ வைத்தால் கம்பிக்குப் பத்து கிலோ. அந்தக் கணக்கைப் போட்டவனும் நான்தான்.

போன ஞாயிறு, ராயபுரத்துக்கு மீன் வாங்கப் போனேன். கன்டெய்னர் யார்டு வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் ஆரோக்கியம்! அந்த உலையின் சூட்டைக் கவனித்துக்கொண்டவன். எட்டு வருடத்துக்கு முன், சோதனை தொடங்கிய ஒன்பதாம் மாதம், ஆயுத பூஜை லீவில் கம்பி அறுந்தது. 'சூட்டைச் சரியாக வைக்காமல் போனான்' என்று ரிப்போர்ட் எழுதி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

“இன்னா மாமு, தொப்ப போட்டுகினு சோக்கா கீற!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, என் மெஷினுக்குக் கண் படக்கூடாதென்று பெரிய சாம்பல் பூசணிக்காயை அந்தத் தட்டில் வைத்தவன் நான். லீவு முடிந்து முதல் ஆளாக வந்து பார்த்தேன். கம்பி இரண்டாகக் கிடந்தது. காயைப் பைக்குள் போட்டேன், வாயை மூடிக்கொண்டேன்.

“ஆரோக்கியம், அந்தக் கம்பி...”

“பூசணிக்கா மேட்டர்தானே? தட்டுல சாம்பலு வட்டமா ஒட்டிகினு இருந்துச்சு. நாந்தான் தொடச்சேன்.”

“இன்னாத்துக்குடா சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன் மாமு. ஒனக்குதான் வாய் நீளமாச்சே!”

இரும்பு ஒன்பது மாதம் தாங்கியது. இவன் எட்டு வருடம் தாங்கியிருக்கிறான் — சத்தமே இல்லாமல். மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

ஆலைக்காரர்களே, பெயர்த் தகடு வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை எடுங்கள். ஆரோக்கியத்தின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். மெஷினைச் செய்தவனும் நான், கம்பியை அறுத்தவனும் நான்!