தென்ச்சாவின் ஈர முற்றம்

எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்து மணியானதைக் கடிகாரம் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. தென்ச்சாவின் ரப்பர் குழாய் சொல்லிவிடும். அவள் முற்றத்து மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஜூன் மாதத்தில் எங்கள் பாலைவன ஊரான கபோர்காவில் நாற்பத்தாறு டிகிரி வெயில் அடிக்கும். அந்த வெக்கைக்கு, நனைந்த மண்ணில் காலை வைத்துக்கொண்டு காப்பி குடிப்பதைப் போல் சுகம் வேறில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சுகத்தை ஓசியில் அனுபவித்தவள் நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் நன்றியும் கொஞ்சம் பொறாமையும் கலந்துதான் இருக்கும்.

முழுப்பெயர் ஓர்த்தென்சியா பிராகமோந்தே. அஸ்பாரகஸ் தண்டுகளைக் கட்டுக் கட்டி அனுப்பும் கொட்டகையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். கட்டில் ஒரு தண்டு அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அதே கண்ணோடுதான் வீட்டையும் பார்ப்பாள். அவள் வீட்டில் கைப்பிடித் துணிக்குக்கூட இஸ்திரி உண்டு. திராட்சை லாரி ஓட்டும் அவள் புருஷன் அன்செல்மோ, வெளிக்கதவிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுத் திருடன் மாதிரி உள்ளே நுழைவான்.

எதிர்வீடு என்னுடையது. கால்சட்டைகளுக்குக் கரை மடித்துத் தைப்பது என் பிழைப்பு. துடைப்பத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கமில்லை. என் முற்றம் வெறும் புழுதி. அதில் ஒற்றைக்கண்ணன் என்று ஒரு நாய் நாள் முழுக்கக் கிடக்கும். தென்ச்சா என் மூத்த மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவு வந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிடுவோம். நீ, வா, போ கிடையாது. திட்டுவதானாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

"கோமாத்ரே, முற்றத்துல ஒரு வாளி தண்ணி தெளிச்சா உங்க கை தேஞ்சா போயிடும்?" என்பாள்.

"எதுக்கு கோமாத்ரே? நீங்கதான் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தெளிக்கிறீங்களே."

கொட்டகை வேலையை விட்ட அன்று, அவள் பின்னாலேயே ஒரு நாய்க்குட்டி நடந்து வந்தது. லவங்கப்பட்டை நிறம். கனேலோ என்று பெயர் வைத்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அந்த நாய்தான் எல்லாமும். மிச்சா என்ற பூனை பிறகு வந்தது. அது நாயின் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதத்தில் கனேலோ சாப்பிட மறுத்தான். ஈறு வெளுத்துவிட்டது. ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. தென்ச்சா அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டு டாக்டரம்மா ருவேலாஸிடம் ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"உண்ணிக் காய்ச்சல். இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது," என்றாள் டாக்டரம்மா. "இந்தத் தடவை பிழைச்சுக்குவான். இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டான், தென்ச்சாம்மா. வீட்டுல உண்ணியே இருக்கக்கூடாது."

தென்ச்சாவின் முகம் நாய்க்கு மேலாக வெளுத்துப் போனது. உயிர்ப் பயம் ஒருபுறம், மானம் ஒருபுறம். உண்ணி என்றால் அழுக்கு வீட்டுச் சொத்து என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. அவள் வீட்டில் உண்ணியா?

அன்செல்மோ தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னான். "பண்ணையில எல்லாம் பழைய இஞ்சின் ஆயிலைத்தான் தடவுவாங்க."

"முதல்ல உன் தலையில தடவிக்கிட்டு வா. ஒரு வாரம் பார்த்துட்டு நாய்க்குத் தடவலாம்."

நாயின் பிடரியில் விடுகிற சொட்டு மருந்தை வாங்கி வந்தாள். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று பூனைக்கும் விடப் போனவள், நல்லவேளை, சந்தேகம் வந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "பூனைக்கு அது விஷம். உயிரே போயிடும். நாய் கழுத்து நல்லா காயற வரைக்கும் பூனையைப் பக்கத்துலயே விடாதீங்க," என்றாள் அவள். இரண்டு நாள் மிச்சாவைப் படுக்கையறையில் அடைத்து வைத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் போல் அது ஒப்பாரி வைத்ததில் தெருவே தூங்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உண்ணி சுவரில் சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது. தென்ச்சா விடுவாளா? காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று குழாயைப் பிடித்துச் சுவரையும் தரையையும் அடித்துக் கழுவினாள். கழுவக் கழுவ உண்ணி கூடியது. கடைசியில் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க கோமாத்ரே. உங்க குப்பையிலேர்ந்துதான் வருது."

எனக்குச் சுருக்கென்றது. "இருக்கலாம் கோமாத்ரே. இந்த அழுக்கைப் பார்த்து முகம் சுளிச்சுக்கிட்டு, சுத்தமான வீடா தேடி வருதுங்க போல."

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் அவளே வந்து நின்றாள். வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும், இரண்டு வாரம் நாயை வேறெங்காவது விடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாளாம். பக்கத்து ஊரான ஆல்தாரில் இருக்கும் தங்கை வீட்டில் ஏற்கனவே ஐந்து நாய். என் புழுதியைப் பார்த்தாள், கனேலோவைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

கனேலோ என் முற்றத்துக்குக் குடிவந்தான். தென்ச்சா தினமும் காலையில் ஒரு இடுக்கியும், ஆல்கஹால் ஊற்றிய மயோனைஸ் பாட்டிலுமாக வந்துவிடுவாள். காது மடல், கக்கம், விரலிடுக்கு என்று தடவிப் பார்ப்பாள். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, விரலால் நசுக்காமல் பாட்டிலில் போடுவாள். முதல் நாள் பதினொன்று. மறுநாள் நாலு. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. சந்தேகம் தீராமல் ஒற்றைக்கண்ணனையும் புரட்டிப் போட்டுத் தேடினாள். காது நுனியில் ஒன்றே ஒன்று. முந்தின சாயங்காலம் அவள் முற்றத்தில் அந்த நாய் படுத்திருந்துவிட்டு வந்ததை நானே பார்த்தேன்.

"என்ன போட்டீங்க?" என்று அதட்டினாள்.

"ஒண்ணும் போடல. கூட்டக்கூட இல்ல."

அது அவளுக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

இரண்டு வாரம் முடிந்து நாயைக் கூட்டிப் போனாள். மூன்றாம் நாள் அவள் வீட்டிலிருந்து சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கனேலோவின் கால். விரலிடுக்கில் ஆறு உண்ணி. தென்ச்சா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"இவன் செத்துடுவான் கோமாத்ரே," என்றாள். பிறகு திறந்த கதவு வழியாக என் முற்றத்தையே வெகுநேரம் பார்த்தாள். "அங்க என்னதான் இருக்கு?"

"மண்ணுதான் இருக்கு."

"தண்ணி?"

"எனக்கு என்னைக்கு தண்ணி தெளிக்கத் தோணியிருக்கு?"

விருட்டென்று எழுந்தாள். கூலரின் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறியிருக்கும் சுவரோரம் போனாள். பூந்தொட்டிகள் அடுக்கியிருக்கும் நிழலான இடம், கனேலோ மத்தியானம் படுக்கும் இடமும் அதுதான். உப்பிக்கிடந்த காரைக்குள் சமையல் கத்தியை விட்டு நெம்பினாள். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பின்னால் கசகசா கொட்டினாற்போல் பழுப்பாக முட்டைகள். பக்கத்தில் மிளகுத் தூளுக்குக் கால் முளைத்த மாதிரி குஞ்சுகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஊரே வறண்டு கிடக்கிற ஜூனில் அதுகளுக்குக் குளிர்ச்சியாக ஒரு வீடு.

"நான்தான் வளர்த்திருக்கேன்," என்றாள். "தினம் அஞ்சு மணிக்குத் தண்ணி ஊத்தி."

இருபத்திரண்டு வருஷத்துப் பதில்கள் என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பெயர்ந்த காரையைப் பொறுக்க நானும் குனிந்தேன்.

குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அன்செல்மோ கூலரின் சொட்டுத் தண்ணீரை ஒரு பைப்பில் பிடித்து, கொல்லை மூலையிலிருந்த எலுமிச்சைக்குத் திருப்பிவிட்டான். வெடிப்புகளுக்கு சிமெண்ட் பூசினான். தொட்டிகள் சுவரை விட்டு விலகின, மருந்து இன்னொரு முறை அடிக்கப்பட்டது. கனேலோவுக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. இப்போதும் தின்று தின்று கொழுக்கிறான், பூனை அவன்மேல் ஏறிப் படுத்திருக்கிறது.

குழாயைச் சுருட்டிய அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் சத்தமே இல்லை. பழக்கத்தில் நாற்காலியோடு வந்தவர்கள் காய்ந்த முற்றத்தைப் பார்த்து வெளிக்கதவிலேயே நின்றார்கள். தென்ச்சா வெளியே வந்தாள். ஒரு கையில் நாற்காலி, மறுகையில் காப்பிப் பாத்திரம், பின்னால் கனேலோ. நேராகத் தெருவைத் தாண்டி வந்து, என் புழுதியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

என் முற்றத்துக்கு அத்தனை பேர் வந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு நாற்காலியும் நகரும்போது புழுதி கிளம்பியது. என்ன இருந்தாலும் வந்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா? உள்ளே ஓடிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக முற்றத்தில் தெளிக்க ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அந்த வாளியைக் கீழ வைங்க, கோமாத்ரே," என்றாள் தென்ச்சா. "நாய் படுத்திருக்கு."

வைத்துவிட்டேன்.