விருந்தாளிக் குடம்

என் ஓரகத்தி தெய்வாத்தாள் அக்காவை ஓர் இடத்தில் உட்காரவைக்க முடியாது. பந்தியில்கூட நாலு தடவை எழுந்துபோவாள். சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். பல் முழுக்கப் பழுப்புத் திட்டு. அதைச் சொல்லியே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. பிறந்த வீட்டு வம்சக் கோளாறு என்று நம்பினாள். தன் மகள் லோகப்பிரியாவுக்கும் அது வந்துவிடும் என்று பயந்தாள்.

தொண்ணூற்று நாலில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஈரோட்டில், எங்கள் தெருப் பல் டாக்டர் வெங்கடபதி குழந்தைகளின் பல்லுக்கு ஃப்ளோரைடு மருந்து பூசுகிறார், சொத்தையே வராது என்று. மறுநாளே பெருந்துறைப் பக்கத்து மேட்டுக்காட்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளையோடு முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். சாப்பிடக்கூட இல்லை.

டாக்டர் குழந்தையின் வாயைப் பார்த்தார். பிறகு அக்காவின் பல்லைப் பார்த்தார்.

"என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"போர் தண்ணிங்க. பொறந்த ஊர்லயும் அதானுங்க. குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வரும்."

அவர் மருந்தை ஓரமாக வைத்தார்.

"பாப்பாவுக்கு இது வேண்டாமுங்க. இதே ஃப்ளோரைடு உங்க போர் தண்ணியில மிஞ்சிக் கெடக்கும் போலிருக்கு. அளவா இருந்தாப் பல்லைக் காக்கும், மிஞ்சினாக் கெடுக்கும். உங்க கறை அப்படி வந்ததுதான். பாப்பாவுக்கு ஈறுக்குள்ள புதுப்பல்லு உருவாயிட்டிருக்கு. இன்னைக்கே தண்ணியை மாத்துங்க. போர் தண்ணியைக் கொதிக்க வெச்சாலும் போகாது."

"அத்தன தொலைவுல இருந்து வந்திருக்கறமுங்க, ஒருக்கா பூசி உடுங்க" என்று அக்கா கெஞ்சினாள். அவர் மசியவில்லை.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். வேறு ஊர் பஸ்ஸுக்கெல்லாம் எழுந்து ஓடினாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"குழாய்த் தண்ணி ஊட்லயே இருந்துச்சு, அம்மிணி."

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீருக்கென்றே தனிப் பித்தளைக் குடம். வந்தவர்களுக்கு மட்டும்தான் அது. வந்தவங்களுக்கு உப்புத்தண்ணி குடுத்தா ஊட்டுப் பேரு என்னாகும் என்பாள். பிள்ளை அந்தக் குடத்துக்குள் சொம்பை விட்டால் கையில் ஒரு தட்டு விழும். நான் போகும்போதெல்லாம் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, தண்ணின்னா இதுதான் என்று மெச்சியிருக்கிறேன்.

அடுத்த மாதம் போனேன். அக்கா சொம்பை நீட்டினாள். வாயில் வைத்தேன், உப்புக் கரித்தது. அவள் தலை நிமிரவில்லை.

"தப்பா நெனைக்காத, அம்மிணி. நல்ல தண்ணி அவளுக்கு."

சொம்பைக் காலிசெய்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் அக்காவுக்கு நிம்மதி இல்லை. தினமும் பிள்ளையை வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொல்வாள். பிள்ளைக்குப் பால்பல் ஆடியபோது அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் முன்பல் இரண்டும் முழுதாய் முளைத்ததும் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள்.

"சித்தி, பாருங்க" என்று லோகப்பிரியா பல்லைக் காட்டினாள். நுனியில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு. மேலே ஈறு வரைக்கும் வெள்ளை.

"நல்லாத்தான இருக்குது?" என்று கேட்ட அக்காவின் முந்தானை வாய்க்குப் போயிருந்தது. பிள்ளை வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதுக்கா" என்றேன். அந்தக் கோட்டில் நான் குடித்த தண்ணீரும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.